கவசத்துக்குச் சமயம் உண்டா? ஓர் ஆயுத நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தமிழகத்தின் பழைய படைக்கலங்களைப் பற்றி முறையாக எழுதப்பட்ட நூல் ஒன்றைச் சுட்டும்படி யாரேனும் கேட்டால், இன்றும் நாம் ஆங்கில நூல் ஒன்றையே சுட்ட வேண்டியிருக்கிறது. பிரித்தானிய ஆய்வாளர் ராபர்ட் எல்குட் எழுதி, 2004-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரிலிருந்து வெளிவந்த ‘இந்து ஆயுதங்களும் சடங்கும்’ என்பதே அந்நூல். 1400 முதல் 1865 வரையிலான இந்தியப் படைக்கலங்களும் கவசங்களும் என்பது அதன் துணைத்தலைப்பு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காக்கப்படும் தஞ்சைப் படைக்கலங்களே இந்நூலுக்கு முதன்மையான ஆதாரம்.

நூலின் சிறப்பை முதலில் சொல்லிவிடுவதே முறை. 1855-இல் தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபின், அவ்வரண்மனையின் ஆயுதச்சாலை கம்பெனி ஆட்சியின் கைக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்த வாட்கள், கட்டாரிகள், அங்குசங்கள், கவசங்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிலவே அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தன. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878-இல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் இந்த அழிவைப் பற்றி எழுதியிராவிட்டால், அப்படியொரு ஆயுதச்சாலை இருந்தது என்பதே மறந்துபோயிருக்கும். எஞ்சியவற்றைக் கோயில் தூண்களில் உள்ள வீரர் சிற்பங்களோடு ஒப்பிட்டு, அவற்றுள் பல முன்னர் கருதப்பட்டதைவிடப் பழமையானவை, நாயக்கர் காலத்தையும் விஜயநகரக் காலத்தையும் சேர்ந்தவை என்று நிறுவியது எல்குட்டின் பெரும்பணி. இதற்காகத் தமிழுலகம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

நமது கேள்வி நூலின் உள்ளடக்கத்தைப் பற்றியதன்று. அதன் தலைப்பில் நிற்கும் முதற்சொல்லைப் பற்றியது. ஓர் ஆயுதம் ‘இந்து’ ஆவது எப்போது? இதே ஆய்வாளர் 1979-இல் ‘இஸ்லாமிய ஆயுதங்களும் கவசங்களும்’ என்னும் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தவர். ஆக, அறிஞருலகில் இவ்விரு பெயர்களும் இரண்டு அலமாரிகளாக நிற்கின்றன. தக்காணத்தில் அடிக்கப்பட்ட வாள் ஒன்று கிருஷ்ணை ஆற்றின் வடகரையில் கிடைத்தால் ஓர் அலமாரிக்கும், தென்கரையில் கிடைத்தால் மற்றோர் அலமாரிக்கும் போக வேண்டியதாகிறது. இந்திய வரலாற்றை இந்துக் காலம், முகம்மதியர் காலம், பிரித்தானியர் காலம் என்று ஜேம்ஸ் மில் பகுத்த ஆண்டு 1817. வரலாற்றாசிரியர்கள் அந்தப் பகுப்பைக் கைவிட்டு நெடுநாளாகிறது. ஆனால் அருங்காட்சியக அட்டைகளிலும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களிலும் நூல் தலைப்புகளிலும் அது இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கிருந்து அது பள்ளிப் பிள்ளையின் மனத்தில் இறங்குகிறது. வாள் யாருடையது என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாடு யாருடையது என்பதையும் அதே பாடத்தில் கற்றுக்கொண்டு விடுகிறது. ஒரு தலைப்பைப் பற்றி இத்தனை வார்த்தை செலவிடுவதற்குக் காரணம் இதுவே.

ஐரோப்பா தரும் சாட்சியம்

படைக்கலத்தைச் சமயத்தால் அடையாளங் காணும் பழக்கம் வலுவாக வேரூன்றியது சிலுவைப் போர்களைப் பற்றிய எழுத்துகளில்தான். வால்டர் ஸ்காட் 1825-இல் வெளியிட்ட ‘தி டாலிஸ்மன்’ புதினத்தில் ஒரு காட்சி வரும். ரிச்சர்டு மன்னர் தம் கனத்த நேர்வாளால் இரும்புத் தண்டு ஒன்றைத் துண்டாக்குகிறார். சுல்தான் ஸலாஹுத்தீனோ வளைந்த வாளால் பட்டுத் திண்டு ஒன்றையும், பின்னர் காற்றில் வீசிய மெல்லிய துகிலையும் அறுத்துக் காட்டுகிறார். சுல்தானை இழிவுபடுத்தும் நோக்கம் ஸ்காட்டுக்கு இல்லை; அவரைப் பெருந்தன்மை மிக்கவராகவே படைத்திருக்கிறார். எனினும் அக்காட்சி ஒரு சூத்திரத்தை உலகுக்குக் கற்பித்துவிட்டது: மேற்கு என்றால் இரும்பு, நேர்கோடு, வலிமை, கிழக்கு என்றால் பட்டு, வளைவு, நளினம். பின்வந்த ஓவியங்களும் திரைப்படங்களும் இச்சூத்திரத்தையே திரும்பத் திரும்ப எழுதின.

அக்காலத்தவர் எழுதிவைத்த சான்றுகள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்து, சிரியப் படையினர் ஏந்திய வாட்கள் பெரும்பாலும் நேரானவையே. துருக்கிய, மங்கோலிய வழக்கமான வளைவாள் அப்பகுதிகளில் பரவலானது அதற்குப் பின்னரே. 1191-இல் அர்ஸூஃப் நோக்கி நடந்த சிலுவைப் படையைக் கண்ணாற் கண்டு எழுதியவர், ஸலாஹுத்தீனின் வரலாற்றாசிரியரான பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத். பரங்கிக் காலாட்கள் தடித்த கம்பளி நமதாவையும் வளையக் கவசத்தையும் அணிந்திருந்ததாகவும், முதுகில் பத்து அம்புவரை தைத்து நிற்க, அவர்கள் அணி குலையாமல் நடந்ததாகவும் அவர் வியப்போடு குறிக்கிறார். மறுபுறம், 1176-இல் அஸாஸ் முற்றுகையின்போது தலையில் கத்தியோடு பாய்ந்த கொலையாளியிடமிருந்து ஸலாஹுத்தீனைக் காத்தது தலைப்பாகைக்கு அடியில் அவர் அணிந்திருந்த இரும்பு வளையத் தொப்பி. ஸ்காட்டின் சூத்திரத்தைச் சான்றுகள் இப்படித் தலைகீழாக்குகின்றன: பரங்கியரைக் காத்ததில் கம்பளிக்குப் பங்குண்டு, சுல்தானைக் காத்தது இரும்பு.

இன்னும் துல்லியமான சாட்சி உஸாமா இப்னு முன்கித். ஷைஸர் கோட்டையின் குலத்தில் 1095-இல் பிறந்து, சிலுவை வீரர்களோடு போரிட்டும் நட்புக் கொண்டும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் தம் நினைவு நூலில், தமது ‘கஸாகந்த்’ என்னும் போர்ச்சட்டையின் உள்ளமைப்பை அவர் விவரிக்கிறார். வெளியே துணி, உள்ளே கீழ்விளிம்புவரை நீண்ட வளையக் கவசம் ஒன்று, அதன்மேல் இடைவரை மற்றொன்று, அவற்றினிடையே நமதா, கழிவுப் பட்டு, முயல் மயிர். இதில் உள்ளே கிடக்கும் நீண்ட கவசம் பரங்கியர் கவசம் என்று உஸாமாவே சொல்கிறார். ஒரு முஸ்லிம் வீரரின் சட்டைக்குள் ஒரு பரங்கிக் கவசம்! இதை எந்த அலமாரியில் வைப்பது?

சொற்களும் இக்கதையையே சொல்கின்றன. இடைக்கால ஐரோப்பிய வீரர் இரும்புக் கவசத்தின் உள்ளே அணிந்த பஞ்சு திணித்த சட்டைக்குப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ‘அக்கெட்டன்’ என்று பெயர். அது ‘அல்-குத்ன்’ என்ற அரபுச் சொல்லின் திரிபு. பருத்தி என்பது பொருள். பருத்தியோ நமது துணைக்கண்டத்திலிருந்து மேற்கே பரவிய பயிர். ஐரோப்பிய மாவீரனின் இரும்புக்கு அடியில், தோலோடு ஒட்டிக் கிடந்தது அரபுப் பெயர் தாங்கிய இந்தியப் பஞ்சு.

இந்தக் கொடுக்கல் வாங்கலைத் திருச்சபை அறிந்தே இருந்தது. 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், முஸ்லிம்களுக்கு ஆயுதமும் இரும்பும் கப்பல் மரமும் விற்போரைச் சபை விலக்கம் செய்வதாக அறிவித்தது. விற்பனை நடவாத இடத்தில் தடை எதற்கு? 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், யூதரும் முஸ்லிம்களும் வேறுபட்ட உடை அணிய வேண்டும் என்று விதித்தது. உடையால் வேறுபாடு தெரியவில்லை என்பதே அதற்கு அச்சங்கம் காட்டிய காரணம். 1184-இல் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கிறிஸ்துமஸ் நாளைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், கிறித்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்தி, முகத்திரையிட்டுத் தேவாலயம் சென்றதை எழுதியிருக்கிறார். நம் தரப்பையும் மறைக்க வேண்டியதில்லை. முஸ்லிம் ஆட்சிகளிலும் ‘கியார்’ என்னும் பெயரில் பிற சமயத்தாருக்கு உடை வேறுபாடு விதிக்கப்பட்டதுண்டு. இருபுறத்துச் சட்டங்களும் உணர்த்துவது ஒன்றே: உடை தானாகச் சமயம் பேசவில்லை, அதைப் பேசவைக்க ஆணை தேவைப்பட்டது.

அரசரின் உடையே பேசாதபோது மற்றவரின் உடை எப்படிப் பேசும்? சிசிலியின் கிறித்தவ அரசர் இரண்டாம் ரோஜருக்காக ஹிஜ்ரி 528-இல், அதாவது 1133-34-இல், பலெர்மோவில் நெய்து முடிக்கப்பட்ட செம்பட்டுப் போர்வையின் விளிம்பு முழுவதும் கூஃபி எழுத்தில் அரபு வாசகம் ஓடுகிறது. பிற்காலத்தில் புனித ரோமப் பேரரசர்கள் முடிசூடும்போது அணிந்தது இந்தப் போர்வையைத்தான். இன்று அது வியன்னாவின் அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. எதிர்த்திசையிலும் இதுபோலவே: அலெக்சாந்திரியாவின் மம்லூக் ஆயுதச்சாலையில் வைக்கப்பட்டிருந்த ஐரோப்பிய வாட்கள் பலவற்றின் அலகில், அவை அங்கே சேர்க்கப்பட்ட செய்தி அரபியில் பொறிக்கப்பட்டுள்ளது. சிலுவை வடிவக் கைப்பிடி, அரபு எழுத்து. இஸ்தான்புல்லிலும் டொராண்டோவிலும் இவ்வாட்களைக் காணலாம்.

உருக்கு சென்ற வழி

இனி நமது நிலத்துக்கு வருவோம். அரபு மொழியில் நல்ல வாளுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘முஹன்னத்’. இந்திய உருக்கால் ஆனது அல்லது இந்திய முறையில் அடிக்கப்பட்டது என்பது அதன் பொருள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) நபி (ஸல்) அவர்களின் திருமுன் பாடி, அவர்களின் போர்வையைப் பரிசாகப் பெற்ற கவிதையில் நபியவர்களுக்கு உவமையாக வருவதும் இந்தச் சொல்லே. ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா அல்-முஃதஸிமுக்காக அல்-கிந்தி எழுதிய வாட்கள் பற்றிய நூலில், இந்திய இரும்பும் ஸரன்தீபின் இரும்பும் தனித்தனியே பேசப்படுகின்றன. விழுப்புரம் வட்டாரத்து மேல்சிறுவளூரில் மூசை உருக்குத் தயாரித்த தடயங்களை உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். 1795-இல் லண்டன் ராயல் சங்கத்தில் ஜார்ஜ் பியர்சன் ‘ஊட்ஸ்’ என்று பெயரிட்டு விவரித்த பொருள் இந்த உருக்குத்தான்; கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ என்பவற்றோடு அச்சொல்லை அறிஞர்கள் தொடர்புபடுத்துவர். தென்னிந்திய மூசையில் பிறந்து, அரபுக் கப்பலில் ஏறி, டமாஸ்கஸ் என்ற பெயரில் ஐரோப்பாவை அச்சுறுத்தியது நம் உருக்கு.

கப்பல் வெறுங்கையோடு திரும்பவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தபின் ஐரோப்பிய வாள் அலகுகள் திரளாகத் தென்னிந்தியாவுக்கு இறக்குமதியாயின. அவற்றுக்கு இந்தியக் கைப்பிடி பொருத்தப்பட்ட வாள் ‘ஃபிரங்கி’ எனப்பட்டது. நமது ‘பறங்கி’ என்ற சொல்லே அது. சிலுவைப் போர்க்காலத்து அரபுகள் ‘இஃப்ரன்ஜ்’ என்று அழைத்த அதே பரங்கியர்தாம் இச்சொல்லின் மூலம். தஞ்சைக் கட்டாரிகளில் கணிசமானவை, உடைந்த அல்லது வெட்டிய ஐரோப்பிய அலகுகளைக் கொண்டவை. பாய் விரித்தாற்போன்ற கைக்காப்பு தமிழகத்துக் கம்மாளருடையது. அதில் யாளியும் கிளியும் உண்டு. அலகோ ஐரோப்பாவின் உலைகளில் பிறந்தது.

எல்குட் இக்கலப்பை மறைக்கிறார் என்று சொல்வது அநீதி. ஐரோப்பிய அலகுகளைப் பற்றியும் தக்காணச் சுல்தானகங்களோடு இருந்த உறவைப் பற்றியும் அவரே பேசுகிறார். நமது குறை இதுதான்: நூலின் உள்ளே பக்கத்துக்குப் பக்கம் விரியும் கலப்பை, நூலின் முகப்பு ஒற்றைச் சொல்லால் மூடிவிடுகிறது. உள்ளே இருப்பதைப் படிப்போர் சிலர். முகப்பைக் காண்போர் பலர்.

உடையின் பெயர்கள்

ஆயுதத்தைவிட உடை இன்னும் தெளிவாகப் பேசும். தைத்த உடை தமிழகத்துக்கு முஸ்லிம்களோடுதான் வந்தது என்று பெருமையாகச் சொல்வோரும் உண்டு. குறையாகச் சொல்வோரும் உண்டு. இரண்டும் பிழை. சட்டை அணிந்த யவனக் காவலரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. கஞ்சுகம் அணிந்தோரையும், துன்னகாரர் என்னும் தையற்காரரையும் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

எனினும் விஜயநகர அவையில் ஒரு புதிய உடை நுழைந்தது உண்மை. ஃபிலிப் வேகனர் 1996-இல் எழுதிய, பெரிதும் பேசப்பட்ட கட்டுரை ஒன்று இதை விளக்குகிறது. அவைக்கு வரும் பிரபுக்கள் அணிந்த நீண்ட அங்கிக்குக் ‘கபாயி’ என்றும், உயர்ந்த கூம்புத் தொப்பிக்குக் ‘குல்லாயி’ என்றும் பெயர். முன்னது அரபு ‘கபா’. பின்னது பாரசீகக் ‘குலாஹ்’. நாம் இன்றும் ‘குல்லாய்’ என்று சொல்லும்போது அந்தப் பாரசீகச் சொல்லைத்தான் சொல்கிறோம். லேபாட்சிக் கோயில் விதான ஓவியங்களில் சிவனை வணங்கி நிற்கும் பெருமக்கள் இவ்வுடையில்தான் நிற்கிறார்கள். அக்கோயிலில் மேலாடையின்றி நிற்பதே மரபு என்ற உணர்வு அவர்களுக்கு இருந்திருக்கும். ஆயினும், உலகத்தார் மதிக்கும் அவையுடை எதுவோ அதில் தம்மை வரைந்துகொள்ள அவர்கள் தயங்கவில்லை. மதமாற்றமோ அடிமைத்தனமோ அதில் இல்லை. அக்காலத்து நாகரிக உலகின் பொதுமொழியில் அவர்கள் பேசினார்கள், அவ்வளவே.

அவர்களின் படையும் அவ்வாறே இருந்தது. இரண்டாம் தேவராயர் முஸ்லிம் வில்லாளிகளைச் சேர்த்துக்கொண்டதையும், அவர்கள் மரியாதை செலுத்துவதற்கு வாய்ப்பாகத் தம் அரியணைக்கு முன் திருக்குர்ஆன் பிரதியை வைத்ததையும் ஃபிரிஷ்தா எழுதுகிறார். 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுக்கீசியர் தொமிங்கோ பயஸ், மகாநவமி அணிவகுப்பில் கண்ட வீரர்களின் பஞ்சு திணித்துத் தைத்த போர்ச்சட்டைகளை விவரிக்கிறார். அர்ஸூஃபில் பஹாவுத்தீன் கண்டு வியந்ததற்கும், உஸாமா அணிந்ததற்கும், பயஸ் ஹம்பியில் கண்டதற்கும் அடிப்படை ஒன்றே: அடுக்கடுக்கான துணி, அதனோடு இரும்பு.

சென்னையின் மேற்கே

இந்த உண்மையை ஏட்டில் மட்டும் தேட வேண்டியதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரான ஆவடியில் அது கண்முன் நிற்கிறது. மக்கள் ஓ.சி.எஃப். என்றே அழைக்கும் ராணுவ உடைத் தொழிற்சாலையும், கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960களிலிருந்து ஒரே ஊரில் இயங்குகின்றன. ஒன்றில் சீருடையும் குண்டு துளைக்காத சட்டையும் தைக்கப்படுகின்றன. மற்றொன்றில் டாங்கிகள் உருவாகின்றன. 1 அக்டோபர் 2021 அன்று படைத்தளவாட வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, உடை ஒரு நிறுவனத்துக்கும் கவச ஊர்தி மற்றொரு நிறுவனத்துக்கும் போயின. ஆனால் குண்டு துளைக்காத சட்டையைப் பிரித்துப் பார்த்தால் உஸாமாவின் கஸாகந்த்தான் உள்ளே இருக்கிறது: அடுக்கடுக்காக வலிய இழைத்துணி, அதன்மேல் கடின ஓடு. ஓடு குண்டை உடைக்கிறது. துணி அதன் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அர்ஜுன் டாங்கியின் ‘கஞ்சன்’ கவசமும் ஒற்றை இரும்புப் பாளமன்று. உருக்குத் தகடுகளுக்கிடையே பீங்கான் வகைப் பொருள் அடுக்கிய கூட்டுக் கவசம்.

ஆவடியில் பிறந்த டாங்கிகளின் பெயர்களையும் எண்ணிப் பார்க்கலாம். 1965-இல் முதலில் வெளிவந்த ‘விஜயந்தா’ ஆங்கிலேய விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. ‘அஜேயா’வும் ‘பீஷ்மா’வும் ரஷ்ய வடிவமைப்புகள். நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட ‘அர்ஜு’னின் இயந்திரம் ஜெர்மானியத் தயாரிப்பு. எல்லைக்கு அப்பால், காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய ‘அல்-காலித்’ டாங்கியின் வடிவம் சீனத் தொடர்புடையது, இயந்திரம் உக்ரைனியது. ஐந்நூறு ஆண்டுகளுக்குப்பின் ஓர் ஆய்வாளர் பெயரை மட்டும் பார்த்து முன்னவற்றை ‘இந்து டாங்கிகள்’ என்றும் பின்னதை ‘இஸ்லாமிய டாங்கி’ என்றும் இரு அலமாரிகளில் வைத்தால் நாம் நகைப்போம். தஞ்சைக் கட்டாரிக்கு அதையே செய்யும்போது ஏன் நகைப்பதில்லை?

எல்குட்டின் தரப்பில் சொல்லத்தக்க வலுவான வாதம் ஒன்றுண்டு. தலைப்பில் ‘சடங்கு’ என்ற சொல்லும் இருக்கிறது, ஆயுதங்கள் வழிபடப்பட்டன, மகாநவமியில் பூசை பெற்றன, ஆகவே அவை இந்து ஆயுதங்கள் என்பது அவ்வாதம். இதற்கான விடை அம்பத்தூரில் இருக்கிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் ஆண்டுதோறும் ஆயுத பூசை நடக்கிறது. கடைசல் இயந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன. அது ஜப்பானில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம், லூதியானாவில் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். மறுநாள் அதே இயந்திரத்தில் முஸ்லிம் தொழிலாளி வேலை செய்கிறார். பூசை செய்தவரின் பக்தி உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் அது செய்தவருடையது, இயந்திரத்துடையதன்று. ‘இந்து கடைசல் இயந்திரம்’ என்று எவரும் சொல்வதில்லை. சடங்கு ஒரு பொருளின் வாழ்வில் ஓர் அத்தியாயம். அதன் பிறப்புச் சான்றிதழ் அன்று.

பக்கத்து ஊரான பூந்தமல்லியில் 1653-இல் எழுந்த பள்ளிவாசலும் இங்கே நினைக்கத்தக்கது. கோல்கொண்டா அமைச்சர் மீர் ஜும்லாவின் பணியாளரான ருஸ்தம் அதைக் கட்டியவர்; அவர் அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகார் என்பவரின் மகன். மகனுக்கு இஸ்லாத்துக்கு முந்திய பாரசீக வீரனின் பெயர். தந்தைக்கு அலீ (ரலி) அவர்களின் வாளின் பெயர். அவர்களின் தலைவரான மீர் ஜும்லாவுக்குப் பீரங்கி வார்த்தவர்களுள் ஒருவர் பிரான்சின் பூர்ழ் நகரத்துக் கிளாட் மாயே என்பவர் என்று, 1652-இல் கண்டிக்கோட்டைக்கு வந்த தாவெர்னியே எழுதுகிறார். ஈரானியப் பெயர், அரபு வாள், பிரெஞ்சுப் பீரங்கி, தமிழ் மண். இதுதான் வரலாற்றின் நடைமுறை.

நம் வீட்டுக் கணக்கு

விமர்சனம் பிறர் வீட்டோடு நின்றுவிடலாகாது. ‘இஸ்லாம் உலகுக்கு வழங்கிய கொடைகள்’ என்ற வரிசையில் நம்மவர் எழுதும் கட்டுரைகளில் டமாஸ்கஸ் வாள் தவறாமல் இடம்பெறும். அந்த உருக்கை வடித்த தென்னிந்தியக் கொல்லன் தவறாமல் விடுபடுவான். ரோஜரின் போர்வையைச் சொல்வோம். உஸாமாவின் சட்டைக்குள் கிடந்த பரங்கிக் கவசத்தைச் சொல்லமாட்டோம். ‘இந்து ஆயுதம்’ என்ற தலைப்பில் உள்ள குறை ‘இஸ்லாமிய ஆயுதம்’ என்ற பெருமையிலும் அப்படியே இருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் வாழ்வு இந்தப் பெருமைக்கு இடந்தரவில்லை. ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் போருக்குமுன், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் இப்னு உமய்யாவிடம் அவர்கள் கவசங்களை இரவல் கேட்டார்கள். பறித்துக்கொள்கிறீர்களா என்று அவர் ஐயுற்றபோது, திருப்பித் தருவதற்கு உத்தரவாதமுள்ள இரவல் என்று விடை வந்தது. மக்கா வெற்றிக்குப்பின், ஆணையிட்டே பெறக்கூடிய நிலையில் நடந்த செயல் இது. இரவற்பொருளுக்குரிய சட்டத்தை மார்க்க அறிஞர்கள் ஆராய்ந்தபோது ஆதாரமாகக் கொண்டவற்றுள் இந்நிகழ்வும் ஒன்று. அவர்கள் உலகைப் பிரிந்தபோது அவர்களின் கவசம், வீட்டாருக்கு வாங்கிய வாற்கோதுமைக்கு ஈடாக, மதீனத்து யூதர் ஒருவரிடம் அடகில் இருந்தது. துல்ஃபிகார் வாளே பத்ருக் களத்தில் கிடைத்த பொருள். குறைஷிக் கையிலிருந்து வந்தது. தபூக் பயணத்தில் அவர்கள் அணிந்திருந்த இறுக்கமான கையுடைய ஜுப்பா ரோமர் நாட்டுத் தையல். கை மேலே ஏறாமையால் அங்கியின் அடிவழியே கையை வெளியே எடுத்து உளூச் செய்தார்கள் என்று முகீரா (ரலி) அறிவிக்கிறார்கள்.

பிற சமூகத்தாருக்கு ஒப்பாவதைக் கண்டிக்கும் நபிமொழி இதற்கு முரண் அல்லவா என்று வாசகர் கேட்கலாம். ஒரு சமூகத்தின் சமய அடையாளமாக நிற்பதையும், எல்லாருக்கும் பயன்படும் பொருளையும் அறிஞர்கள் பலர் வேறுபடுத்தியே பேசினர். ரோமத் தையல் இரண்டாவது வகை, கவசமும் அவ்வாறே.

திருக்குர்ஆனின் சொல்லாட்சி இன்னும் ஆழமானது. தாவூத் (அலை) அவர்களுக்கு இறைவன் கற்பித்த கவசத் தொழிலை 21-ஆம் அத்தியாயம் குறிக்கும்போது, ‘லபூஸ்’ என்ற சொல்லை ஆள்கிறது. ‘லிபாஸ்’ என்னும் உடையின் வேரிலிருந்து வந்த சொல் அது. 16-ஆம் அத்தியாயம் வெப்பத்திலிருந்து காக்கும் ஆடையையும் போரிலிருந்து காக்கும் கவசத்தையும் ‘ஸராபீல்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறது. இரண்டும் இறைவனின் அருட்கொடைகளாகவே அங்கு எண்ணப்படுகின்றன. அருட்கொடையில் உரிமை கொண்டாடுவதற்கு இடமில்லை. நன்றி செலுத்தவே இடமுண்டு.

ஆகவே நம் கோரிக்கை எளியது. தஞ்சைக் கட்டாரியின் அடியில் வைக்கும் அட்டையில் மூன்று செய்திகள் போதும்: இரும்பு எங்கே பிறந்தது, எந்தக் கைகள் அதை உருவாக்கின, எந்த அவையில் அது ஏந்தப்பட்டது. பூசை பெற்றிருந்தால் அதையும் எழுதலாம். அரபு எழுத்து இருந்தால் அதையும் எழுதலாம். இவற்றையெல்லாம் எழுதியபின், ‘இந்து’ என்றோ ‘இஸ்லாமிய’ என்றோ தனியே ஒரு சொல் தேவைப்படாது. எல்குட்டின் நூல் தமிழில் பெயர்க்கப்பட வேண்டும். அது நம் கடமை. பெயர்ப்பவர் முகப்பில் ‘தஞ்சைப் படைக்கலங்கள்’ என்று எழுதினால், நூலின் உள்ளடக்கத்துக்கு நூலாசிரியரைவிட உண்மையாக நடந்தவர் ஆவார்.